நரைத்த தலையின் சாட்சியம்

1628-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள். ஜெர்மனி நாட்டுப் பாம்பெர்க் நகரின் சிறையொன்றில் ஐம்பத்தைந்து வயதுடைய ஒருவர் தம் மகளுக்கு எழுதிய மடலை முடிக்கிறார். கட்டைவிரல்களைத் திருகு கருவியிலிட்டு நசுக்கியிருந்தமையால் அவரால் எழுதுகோலைப் பற்றவும் இயலவில்லை. பல நாட்களாகச் சிறிது சிறிதாக எழுதிய மடல் அது. யோகான்னஸ் யூனியுஸ் என்னும் அவர் அந்நகரின் மேயராக இருந்தவர். கடவுளை மறுதலித்துப் பசாசோடு உடன்படிக்கை செய்துகொண்டார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம்.

மடலில் அவர் சொல்லும் செய்தி நெஞ்சை உருக்குவது. தாம் குற்றமற்றவர் என்கிறார். வதைத்த சேவகனே மனம் இளகி, ஏதேனும் ஒன்றைக் கற்பித்துச் சொல்லிவிடும்படி தம்மைக் கெஞ்சினான் என்கிறார். சிந்திக்க ஒரு நாளும், ஆன்ம உதவிக்கு ஒரு குருவானவரும் வேண்டுமென்று கேட்டார். நாள் கிடைத்தது, குருவானவர் கிடைக்கவில்லை. முடிவில், வாயளவில் பொய் சொல்லிவிடுவோம், அதைப் பின்னர் பாவசங்கீர்த்தனத்தில் வெளியிடுவோம், வற்புறுத்துகிறவர்களே அதற்குக் கணக்குக் கொடுக்கட்டும் என்று துணிந்தார். அதுவும் போதவில்லை. தெருத்தெருவாகக் குறிப்பிட்டு, அங்குள்ள கூட்டாளிகளின் பெயர்களைச் சொல்லும்படி நெருக்கினார்கள். ஆகஸ்டு மாதத்தில் அவர் கொல்லப்பட்டார்.

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பொய்யும் பாவமாயிற்றே என்று அஞ்சியது அந்த உள்ளம். அத்தகைய மனச்சாட்சி உடையவரையே கடவுளின் பகைவர் என்று தீர்ப்பிட்டது நீதிமன்றம்! இது கடவுளை அறியாத நாட்டில் நடந்ததன்று. பாம்பெர்க் நகரை அந்நாளில் ஆண்டவர் ஓர் ஆயர். சமய அதிகாரத்தோடு அரசுரிமையும் அவர் கையில் இருந்தது. இவ்வுண்மையை மூடி மறைப்பதால் நம் விசுவாசத்துக்குப் பெருமை சேராது.

இக்கொடுமை எங்ஙனம் வேரூன்றிற்று? பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட திருச்சபைச் சட்டக் குறிப்பொன்று, பெண்கள் இரவில் வானில் பறந்து செல்வதாகச் சொல்வது வெறும் மயக்கமே என்றும், அதை மெய்யென நம்புவதுதான் தவறு என்றும் போதித்தது. பின்னாளில் இத்தெளிவு மங்கியது. சாமிநாதர் சபையைச் சேர்ந்த ஹைன்ரிக் கிராமர் சூனியக்காரரைக் கண்டுபிடித்துத் தண்டிக்க ஒரு நூல் எழுதினார். 1480-களின் பிற்பகுதியில் அச்சேறிய அந்நூல் பெண்களைக் குறித்துச் சொன்ன இழிமொழிகள் எண்ணற்றவை. 1532-ஆம் ஆண்டில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் வெளியிட்ட தண்டனைச் சட்டம், சூனியத்தால் தீங்கிழைப்போரைத் தீயிலிட விதித்தது.

இவற்றோடு இயற்கையின் சீற்றமும் சேர்ந்துகொண்டது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஐரோப்பாவில் குளிர் மிகுந்து, விளைச்சல் பொய்த்து, பஞ்சமும் நோயும் பெருகின. 1626-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெய்த உறைபனி, பாம்பெர்க்கைச் சூழ்ந்த பிராங்கோனியா நாட்டின் திராட்சைத் தோட்டங்களைக் கருக்கியது. வயிறு காய்ந்த மக்கள் காரணம் தேடினார்கள். பால் வற்றிய பசுவுக்கும், தொட்டிலில் மாண்ட மழலைக்கும் யாரோ ஒருவர் பொறுப்பாளியாக வேண்டியிருந்தது. அண்டை வீட்டு ஏழைக் கைம்பெண்ணைக் காட்டிலும் எளிதில் அகப்படுபவர் யார்? துன்பம் குற்றமாக மாறியது; குற்றத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஐரோப்பாவில் பதினைந்து முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய 40,000 முதல் 60,000 பேர் இவ்வாறு கொல்லப்பட்டனர் என்று வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். கத்தோலிக்க நாடுகள் மட்டுமல்ல, பிராட்டஸ்டண்டு நாடுகளும் இக்கறைக்குத் தப்பவில்லை.

இவ்விருளின் நடுவே ஒரு விளக்கு எரிந்தது. இயேசு சபைக் குருவானவர் பிரெடரிக் ஷ்பே 1591-இல் பிறந்தவர். இனிய பக்திப் பாடல்களைப் புனைந்த கவிஞர். ஒழுக்க இயல் போதித்த பேராசிரியர். சூனியக்காரர் என்று தீர்ப்பிடப்பட்ட பலருக்கு இறுதி வேளையில் ஆன்மகுருவாயிருந்து, எரிமேடை வரை உடன் சென்றவர். அவர்களுடைய உள்ளத்தை அருகிருந்து அறிந்தவர். பாவசங்கீர்த்தன இரகசியத்தை அவர் வெளியிடவில்லை, வெளியிடவும் கூடாது. ஆனால் மனச்சாட்சி அவரை உறங்கவிடவில்லை.

1631-இல் ரின்டெல்ன் நகரத்து அச்சகமொன்றிலிருந்து, ஆசிரியர் பெயரின்றி, ஓர் இலத்தீன் நூல் வெளிவந்தது. குற்ற வழக்கில் எச்சரிக்கை என்பது அதன் தலைப்பின் பொருள். சபைத் தலைவர்களின் இசைவு பெறாமலே அச்சேறிய அந்நூல் தந்தை ஷ்பே எழுதியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வினாக்களும் விடைகளுமாக அமைந்தது. சூனியக்காரர் உண்டா என்னும் முதல் வினாவுக்கு அவரும் உண்டு என்றே விடையளித்தார். அக்காலத்து எண்ணத்தை அவர் முற்றும் உதறிவிடவில்லை. ஆனால் அடுத்தடுத்த வினாக்களில், நீதியின் பெயரால் நடக்கும் அநீதியைத் தோலுரித்துக் காட்டினார்.

குற்றஞ்சாட்டப்பட்ட பெண் நல்வாழ்வு வாழ்ந்தவளானால் அது வேடம் என்கின்றனர். தீய வாழ்வாயின் அதுவே சான்று என்கின்றனர். அஞ்சி நடுங்கினால் குற்ற உணர்வாம். அஞ்சாது நின்றால் பசாசு தரும் துணிவாம். வதை தாளாமல் ஒப்புக்கொண்டால் குற்றவாளி. தாங்கிக்கொண்டால் அதுவும் பசாசின் உதவி. எப்பக்கம் திரும்பினாலும் தப்ப வழியில்லாத இவ்வழக்கை நீதி என்று எவ்வாறு அழைப்பது என்று கேட்டார். குருக்களையும் துறவியரையும் இவ்வாறே வதைத்தால் அவர்களும் சூனியக்காரர் என்று ஒப்புக்கொள்வார்கள் என்று அவர் எழுதியபோது, படித்தவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். தாம் எரிமேடைக்கு அழைத்துச் சென்றவர்களுள் ஒருவரையும் குற்றவாளியென்று தம் மனச்சாட்சி ஏற்கவில்லை என்றும் சாட்சி பகர்ந்தார்.

நோயின் காரணத்தை அவர் சரியாகவே கண்டார்: மக்களின் அறியாமையும் பொறாமையும், வம்புப் பேச்சும், விசாரணையாளரின் பணத்தாசையும். கோதுமையோடு வளர்ந்த களைகளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை அவர் நினைவூட்டினார். களையெடுப்பதாக எண்ணிக் கோதுமையைப் பிடுங்கும் ஆபத்து இருக்குமானால், அறுவடை மட்டும் பொறுத்திருப்பதே கிறிஸ்தவ நெறி என்றார்.

சபையில் சிலர் அவரை விலக்க வேண்டுமென்றார்கள். ஆயினும் அவர் சபையிலேயே நிலைத்திருந்தார். 1635-ஆம் ஆண்டு ட்ரியர் நகரில், போரில் காயமுற்ற வீரர்களையும் கொள்ளைநோய் கண்டவர்களையும் பேணியபோது, அந்நோய் அவரையும் பற்றிக்கொண்டது. ஆகஸ்டு 7-ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில் உயிர்நீத்தார். இளமையிலேயே ஏன் தலை நரைத்தது என்று யோகான் பிலிப் ஷேன்பார்ன் என்பவர் ஒருமுறை வினவியதற்கு, தாம் எரிமேடைக்கு அழைத்துச் சென்ற குற்றமற்றவர்களைப் பற்றிய துயரமே காரணம் என்று தந்தை ஷ்பே மறுமொழி கூறியதாகத் தத்துவமேதை லைப்னிட்ஸ் எழுதியுள்ளார். அவ்வாறு வினவியவர் பின்னாளில் மைன்ஸ் நகர் பேராயரானார். தம் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் அவர் அக்கொடுமைக்கு இடம் தரவில்லை.

2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், திருச்சபையின் மக்கள் கடந்த காலத்தில் செய்த தவறுகளுக்காக, உண்மையைக் காப்பதாகச் சொல்லிக் கையாண்ட வன்முறைக்காகவும், இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். தாயாகிய திருச்சபையே முழந்தாளிட்ட பின்னர், பிள்ளைகளாகிய நாம் நம் குற்றத்தை ஏற்க நாணுவானேன்?

இது தொலைநாட்டுப் பழங்கதை என்று எண்ணற்க. சூனியக்காரி என்று பழிசுமத்திப் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க, பீகார் மாநிலம் 1999-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பிற மாநிலங்கள் சிலவும் அதைப் பின்பற்றின. நம் வீடுகளிலோ எரிமேடை இல்லை. ஆனால் திண்ணை உண்டு, நா உண்டு. மணமாகி ஆண்டு ஒன்று கழியுமுன் கணவனை இழந்த மருமகளை, அவள் கால் வைத்த நேரம் என்று சொல்லும் நா எத்தனை! பிள்ளையின் காய்ச்சலுக்கு மருத்துவரைத் தேடுமுன், யாருடைய கண் பட்டது என்று தேடும் நெஞ்சம் எத்தனை!

பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் தரப்பட்டதன்று. அடுப்படிக்கும் அது பொருந்தும். பழிச்சொல் ஒன்று நம் செவியில் விழும்போது, கண்டவர் யார் என்று ஒரு கேள்வி கேட்போம். பொய்ச்சான்றினால் தீர்ப்பிடப்பட்ட ஒருவரையே நாம் பாடுபட்ட சுரூபத்தில் அனுதினமும் வணங்குகிறோம். இன்றிரவு குடும்பச் செபத்தின்போது, நம் ஊரில் யாரும் பேசாது ஒதுக்கிவைத்திருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி மன்றாடுவோம். நாளைக் காலையில் அவர் வீட்டு வாயிலுக்கும் சென்று வருவோம்.