ஐம்பது மணி நேரப் ‘பொதுநன்மை’

‘ப்ரோ போனோ’ என்கிற லத்தீன் தொடரின் முழு வடிவம் ‘ப்ரோ போனோ பப்ளிகோ’. பொதுநன்மைக்காக என்று பொருள். புழக்கத்தில் ‘பொது’ உதிர்ந்து, வழக்குரைஞர் காசு வாங்காமல் செய்கிற வேலை என்பதாகச் சுருங்கிவிட்டது. சொல்லில் நேர்ந்த தேய்வு நடைமுறையிலும் நேர்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். நியூயார்க் மாநில விதியைப் பார்ப்போம்.

2012 மே 1 அன்று (அங்கே அது உழைப்பாளர் நாளல்ல, 1958இல் ஐசனோவர் அறிவித்த ‘சட்ட நாள்’) தலைமை நீதிபதி ஜொனாதன் லிப்மன் இதை அறிவித்தார். 2015 ஜனவரி 1 முதல், தேர்வெழுதி வழக்குரைஞராகப் பதிவு செய்கிறவர் 50 மணி நேரம் சட்டம் சார்ந்த சேவையும் செய்திருக்க வேண்டும்.

எது சேவை? வசதியற்றவருக்கு இலவச சட்ட உதவி சேவை. அரசு அலுவலகங்களில் செய்யும் சட்டப் பணியும் சேவை. ஆக, ஏழைமீது குற்றம் சாட்டுகிற அரசுத் தரப்பில் போய் உட்கார்ந்தாலும் மணிக்கணக்கு ஏறும்!

கட்டாயம் யாருக்கு? இன்னும் ஒரு காசு சம்பாதிக்காத மாணவருக்கு. தொழிலில் கொழிக்கிறவர்களுக்கு? 2013இல் அவர்களுக்கும் ஆண்டுக்கு 50 மணி என்று இலக்கு வச்சாங்க. அது வெறும் அறிவுரை; செய்யாவிட்டால் தண்டனை கிடையாது.

சேவைக்கான உறுதிமொழிப் பத்திரத்தில் மாணவர் கையெழுத்திடுகிறார், மேற்பார்வையாளர் சான்றளிக்கிறார். உதவி பெற்றவர் பேச அதில் இடமில்லை. அவர் வழக்கு என்னாச்சு என்பது யாருடைய தகுதியையும் பாதிக்காது.

பயனே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வீட்டைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கியவரோடு உட்கார்ந்து மனு எழுதும் மாணவர், பாடப்புத்தகம் சொல்லாத சட்டத்தைக் கற்கிறார். ஆனால் அந்தப் படிப்புக்குப் பாடப்பொருள் இன்னொருவரின் நெருக்கடி.

இதற்கு எதிர்நிலையில் உரிமை இருக்கிறது. 1963இல் கிடியன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்குரைஞர் தர வேண்டும் என்றது. உரிமையியல் வழக்குகளுக்கு அது பொருந்தாது. 2017இல் நியூயார்க் நகரம், வெளியேற்ற வழக்கைச் சந்திக்கும் குறைந்த வருமான வாடகைதாரருக்குச் சட்டமியற்றி வழக்குரைஞர் தந்தது. ஆளும் நிதியும் போதாமல் அது திணறுகிறது என்பதும் உண்மை. ஆனாலும் அங்கே ஏழை ‘எனக்குத் தா’ என்று கேட்கலாம். கிடைக்காதபோது குற்றம் அரசுமீது நிற்கும். சேவையில் அப்படிக் கேட்க முடியுமா? கொடுத்தால் நன்றி, கொடுக்காவிட்டால் மௌனம்.

மாணவரின் 50 மணி இருக்கட்டும். அதைக் காட்டி அரசு தன் கடனைத் தள்ளுபடி செய்துகொள்வதைத்தான் நாம் அனுமதிக்கக் கூடாது.