ஒரே வரியில் ஹெச்டாப்

லினக்ஸ் கணினி திடீரென்று மந்தமானால், எந்த நிரல் அதைத் திணறடிக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் கருவி ஹெச்டாப். பிரேசில் நாட்டு நிரலாளர் ஹிஷாம் முகமது 2004இல் இதை வெளியிட்டார். வில்லியம் லெஃபெவர் 1984இல் எழுதிய ‘டாப்’ இதற்கு முன்னோடி. அதில் இல்லாத நிறப் பட்டைகளையும் பட்டியலில் மேலும் கீழும் நகரும் வசதியையும் ஹெச்டாப் தந்தது. 2020 முதல் வேறொரு நிரலாளர் குழு இதைப் பராமரித்துவருகிறது.

உபுண்டு, டெபியன் கணினிகளில் இதை நிறுவ டெர்மினல் போதும். முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. இது எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை. களஞ்சியத்தில் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் புதிதாக வாங்கி வைக்கிறது. அடுத்தது ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஹெச்டாப்’. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு. சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டுவதற்கு. அது கடவுச்சொல் கேட்கும். தட்டத் தட்டத் திரையில் பெரும்பாலும் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று புதியவர்கள் பதறுவது இங்கேதான். தட்டி முடித்து என்டர் அழுத்தினால் வேலை நடக்கும்.

பின்னணியில் வேறு புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தால், பூட்டு கிடைக்கவில்லை என்று நிறுவும் கருவியான ஆப்ட் மறுக்கும். பூட்டுக் கோப்பையே அழித்துவிடு என்பார்கள் சிலர். மோசமான யோசனை, பாதியில் நிற்கும் நிறுவல் குழம்பிப்போகலாம். சில நிமிடம் காத்திருந்தால் தானாக விலகிவிடும். ஃபெடோராவில் ஆப்டுக்குப் பதில் டிஎன்எஃப், மேக் கணினியில் ஹோம்ப்ரூ.

நிறுவியபின் ‘ஹெச்டாப்’ என்று தட்டினால் திரை நிறைந்துவிடும். லினக்ஸில் இந்தத் தகவல் எல்லாம் ‘ப்ராக்’ என்ற அடைவிலிருந்து வருகிறது. அங்குள்ள கோப்புகள் வட்டில் இல்லை. யாராவது படிக்கும்போது லினக்ஸின் மையமான கெர்னல் அந்த நொடியில் உருவாக்கித் தருபவை.

மேலே உள்ள பட்டைகளில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது நினைவகப் பட்டை. அது நிரம்பி வழிவதுபோல் தெரிந்தாலும், பச்சைப் பகுதிதான் நிரல்கள் உண்மையில் பிடித்திருக்கும் இடம். மஞ்சள், வட்டிலிருந்து படித்ததைக் கெர்னல் சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகக் கிடங்கு. நிரல்களுக்கு இடம் தேவைப்பட்டால் அதில் பெரும்பகுதியை அது விட்டுக்கொடுத்துவிடும். கூடுதல் ரேம் வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் இதைப் பார்ப்பது நல்லது. ‘லோட் ஆவரேஜ்’ என்ற 3 எண்கள் முறையே கடந்த 1, 5, 15 நிமிடச் சுமையின் சராசரி. முதல் எண் பெரிதாகவும் கடைசி எண் சிறிதாகவும் இருந்தால், நெருக்கடி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

எஃப்6 வரிசைப்படுத்தும், எஃப்9 நிரலை நிறுத்தும். நிறுத்தும்போது 15ஆம் எண் சமிக்ஞையே முதலில் வந்து நிற்கும். அது நிரல் தன் வேலையை ஒழுங்காக முடித்துக்கொள்ள வாய்ப்புத் தரும். 9 அந்த அவகாசம் தராது; சேமிக்காதவை போய்விடும் என்பதால், 15க்கு அசையாத நிரலுக்கு மட்டும் அது. வெளியேற எஃப்10. சில டெர்மினல்களில் அந்த விசை மெனுவைத் திறந்துவிடும். அங்கே கியூ எழுத்து கைகொடுக்கும்.

வேண்டாமென்றால் ‘சூடோ ஆப்ட் ரிமூவ் ஹெச்டாப்’. கருவி போய்விடும், பயனர் மாற்றிவைத்த அமைப்புகள் மட்டும் அவரது ஹோம் அடைவிலேயே தங்கியிருக்கும்.