பெயிண்ட் கடைசியில்தான்! பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் சீரமைக்கும் வரிசை



தைப்பிங்கில் என் வீட்டு போர்ச்சில் ஒரு பழைய காடி நிற்பது எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். 1969-ஆம் ஆண்டு எம்ஜிபி. இரண்டு இருக்கை, திறக்கக்கூடிய துணிக்கூரை. ஐந்து வருடமாக மாணவர்கள் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், உங்க காடி எப்போ ஓடும்?"

இப்போது ஓடுகிறது. ஆனால் அதற்கு முன் நான் இரண்டு பெரிய தவறுகள் செய்தேன். ஒன்றில் பணம் போனது. மற்றொன்றில் ஒரு பிள்ளையின் உயிரே போயிருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வேலையை வரிசை மாற்றிச் செய்தேன். அந்த வரிசையை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். தாத்தா விட்டுப்போன மோரிஸ் மைனரோ, அப்பா ஓட்டிய டட்சனோ உங்கள் வீட்டில் இருந்தாலும் இதே வரிசை பொருந்தும்.

எம்ஜிபி: சிறு அறிமுகம்

இங்கிலாந்தின் அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் இது. மூடிய கூரையுள்ள ஜிடி வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. அதனால்தான் இன்றும் உதிரி பாகங்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. 1798 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள். கணினி கிடையாது. ஸ்பேனர், திருப்புளி, கனமளக்கும் தகடு, பொறுமை ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான வேலையை நாமே பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். இதற்கு முந்தைய எம்ஜிஏ காரில் தனி இரும்புச் சட்டம் உண்டு. அதன்மேல் உடல் உட்கார்ந்திருக்கும். எம்ஜிபியில் தனிச் சட்டம் இல்லை. உடலே சட்டம். ஆகவே உடல் துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடாது, பலமே போய்விடும்.

முதல் தவறு: பெயிண்டில் தொடங்கியது

வாங்கிய புதிதில் பார்த்தவர்கள் எல்லாரும், "முதல்ல பெயிண்ட் அடிச்சிடுங்க சார், பார்க்கவே நல்லா இருக்கும்," என்றார்கள். எனக்கும் ஆசை. இரண்டு மாதச் சம்பளம் அளவுக்குச் செலவழித்து ஒரு பட்டறையில் சிவப்பு பெயிண்ட் அடித்தேன். கண்ணாடிபோல் மின்னியது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள். அனுபவமுள்ள ஒரு போமனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பில் 'ணங்' என்று சத்தம். கொப்புளம் இருந்த இடத்தில் 'பொத்' என்று சத்தம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது இரும்பு இல்ல. பட்டி. உள்ளே ஒண்ணுமே இல்ல."

வெட்டிப் பார்த்தோம். பழைய துருவின்மேல் பட்டி பூசி, ஓட்டை பெரிதாக இருந்த இடத்தில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். யார் எப்போது செய்தார்களோ! புதுப் பெயிண்டையும் சேர்த்து வெட்டி எறிய வேண்டியதாயிற்று.

துரு ஏன் கொப்புளிக்கிறது?

இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மேலிருக்கும் பெயிண்டைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. வெளியே காசளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே கையளவு போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். இங்கே அது இன்னும் வேகமாக நடக்கும்.

எம்ஜிபியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் 'சில்' எனப்படும் கதவடி விட்டம். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று தகடுகள் சேர்ந்த பெட்டி அது. கூரையில்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் நேராகப் பிடித்திருப்பது பெரும்பாலும் அதுதான். வாங்குவதற்கு முன்னால் மூன்று சோதனைகள் செய்யுங்கள்:

1. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில் முழுக்க நகர்த்துங்கள். பட்டியின்மேல் காந்தம் பிடிக்காது.

2. கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே நெருங்கி, கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது.

3. ஜாக் வைத்துத் தூக்கியபின் கதவைத் திறந்து மூடுங்கள். இடித்தால் பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

சில்லை வெட்டி மாற்றும் வெல்டிங் வேலையை நான் செய்யவில்லை, தெரிந்தவரிடம் கொடுத்தேன். ஆனால் கூடவே நின்றேன். வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியில் இரும்புக் குழாயைக் குறுக்கே பொருத்தி, காரைச் சரியான மட்டத்தில் தாங்க வைக்க வேண்டும். இல்லையென்றால் தொய்ந்த நிலையிலேயே பற்றவைத்துவிடுவார்கள். பிறகு கதவு ஒருநாளும் மூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வைத்துவிடுங்கள். இது கட்டாயம்.

இரண்டாம் தவறு: பிரேக்குக்கு முன் எஞ்சின்

சில் வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட வைத்துவிட்டேன். ஒரே மகிழ்ச்சி! போர்ச்சிலிருந்து மெதுவாகப் பின்னால் எடுத்தேன். பிரேக்கை மிதித்தேன். மிதிகட்டை நேராகத் தரைக்குப் போனது. இன்னொரு மிதி. ஒன்றுமில்லை. கைப்பிரேக்கை இழுத்ததில், எதிர்ப்புற லோங்காங்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் அப்போதுதான் அந்த இடத்தைக் கடந்து போயிருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் என்ன? இந்தக் காலத்துக் கார்களில் பிரேக் எண்ணெய் இரண்டு தனிச் சுற்றுகளில் ஓடும். ஒன்று கசிந்தாலும் மற்றது பிடிக்கும். என் 1969 எம்ஜிபியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் ஒரு சிறிய ரப்பர் வளையம் கெட்டிருந்தது. அது ஒன்று போதும், நான்கு பிரேக்கும் போய்விட்டன.

ஆகவே எஞ்சின் ஓடும் முன்னால் பிரேக்கை முடித்துவிடுங்கள். ரப்பர் குழாய்கள், மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று பழைய ரப்பரை விட்டுவைக்காதீர்கள். பிரேக் எண்ணெய்க்குப் பதில் எஞ்சின் எண்ணெயை ஒருபோதும் ஊற்றாதீர்கள்; ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

வழக்கமாக ஊற்றும் டாட் 4 பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரி. மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். மிதிகட்டை தரைக்குப் போகும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். இந்த எண்ணெய் பெயிண்டையும் உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகில் உள்ளதில் முடிக்க வேண்டும். என் வீட்டில் மனைவி உள்ளே, நான் கீழே. "அமுக்கு… பிடிச்சுக்கோ… இப்போ விடு!" என்று ஒரு மாலை முழுக்கக் கத்தினோம். "வகுப்புல கத்துற மாதிரியே கத்துறீங்க," என்றார் அவர்.

பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவே கூடாது. ஜாக் ஸ்டாண்டுகள் வைத்து, காரை ஒருமுறை ஆட்டிப் பார்த்தபிறகே கீழே போங்கள்.

பிறகு மின்சாரம்

1967-க்கு முந்தைய எம்ஜிபிகளில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். பிற்பாடு வந்தவற்றில் எதிர்முனை. இதைத் தெரிந்துகொள்ளாமல் பேட்டரியை மாட்டினால் ஆல்டர்னேட்டர் எரிந்துவிடும். என் காரில் இருக்கைக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் சேர்ந்துதான் 12 வோல்ட்.

கம்பியின் நிறம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு: பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் மின்சாரம் இருக்கும், ஃபியூஸ் இல்லை. வெள்ளை: சாவி போட்டால் வருவது. பச்சை: அதே மின்சாரம், ஃபியூஸ் வழியாக. கறுப்பு: உடலோடு இணைவது. விளக்கு மங்கலாக எரிந்தால் முதலில் கறுப்புக் கம்பியின் முனையைக் கழற்றி உப்புத்தாளால் தேயுங்கள். பல சமயம் கோளாறு அங்கேதான்.

அதன்பிறகே எஞ்சின்

பல வருடம் நின்ற எஞ்சினை எடுத்தவுடன் சாவி போட்டுச் சுற்றாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் பழைய எண்ணெயை மாற்றிவிட்டுத் தொடரலாம்.

சாவியைப் போட்டதும் பின்பக்கத்தில் பெட்ரோல் பம்பு 'டிக் டிக்' என்று அடிக்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ பெட்ரோல் கசிகிறது, அல்லது டேங்கில் பெட்ரோல் இல்லை. எஸ்யூ கார்புரேட்டரின் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் 'டொக்' என்று தானாக விழ வேண்டும். விழாவிட்டால் உள்ளே அழுக்கு.

வால்வு இடைவெளி 0.015 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளியும் ஏறக்குறைய அதே அளவு. எரியும் வரிசை 1-3-4-2. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எஞ்சின் மூடியின் உள்ளே ஒட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் பெயிண்ட். அதற்குள் நீங்கள் காரை ஓட்டியும் பார்த்திருப்பீர்கள். எங்கே மறுபடி பிரிக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

ஓடத் தொடங்கியபின் பராமரிப்பு

• வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் முடுக்கி நிறுத்தினால், சூடேறாத எஞ்சினிலும் புகைக்குழாயிலும் நீர்தான் தங்கும்.

• பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே நிற்கும். காற்று புகும் துணி உறை நல்லது.

• கதவுக்கும் சில்லுக்கும் அடியில் நீர் வடியும் சிறு துளைகள் உண்டு. மாதம் ஒருமுறை கம்பியால் குத்தி அடைப்பெடுங்கள். சில்லின் உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடித்து வையுங்கள்.

• முன்சக்கரக் கிங்பின்களுக்கு ஏறக்குறைய 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள்.

• டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கொஞ்சமே ஓடும் காரில் டயர் தேயாது. ஆனால் வயதாகி வெடித்துவிடும்.

• ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். பிரிக்கும்போது படம் எடுங்கள். திருகாணிகளைத் தனித்தனிப் பையில் போட்டு, பெயர் எழுதி ஒட்டுங்கள். இந்தப் பழக்கம் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, நாம் ஆசிரியர்கள்!

வகுப்பறைக்கு ஒன்று

துருப்பிடித்தல் பாடத்துக்கு நான் இந்தக் காரையே பயன்படுத்துகிறேன். மூன்று கண்ணாடிக் குழாய்களில் மூன்று ஆணிகள். ஒன்றில் சாதாரணத் தண்ணீர். ஒன்றில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய். ஒன்றில் ஈரமில்லாத காற்று மட்டும். குழாயை அடைத்துவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து முதல் குழாயின் ஆணியில்தான் துரு நன்றாகத் தெரியும். பிறகு வெட்டியெடுத்த பழைய சில் துண்டை மாணவர்கள் கையில் கொடுப்பேன். வெளியே பளபளவென்று சிவப்பு. திருப்பினால் பொடியாக உதிரும். அதற்குமேல் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனை ஏற்றிக்கொண்டு ஏரிப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். முன்னிருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "பிரேக் பிடிக்குமா அங்கிள்?" என்றான். அவன் அப்பா சொல்லிக்கொடுத்திருப்பார் போலும். பிடித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

காரின் சில்லில் புதுச் சிவப்பும் பழைய சிவப்பும் கொஞ்சம் வேறுபட்டுத்தான் தெரிகின்றன. மறுபடி முழுக்க அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாம், அவசரமில்லை.