களிமண் நிலத்தில் உறுதியான வீடு

தோட்டத் தொழிலாளர் பலர் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தைக் கொண்டே சொந்த வீடு கட்டுகின்றனர். சில ஆண்டுகளிலேயே அதன் சுவர் பிளக்குமாயின் அது பேரிழப்பன்றோ?

சிலவகைக் களிமண் நீரை ஈர்த்து உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தமிழகத்தின் கரிசல் மண் இதற்குத் தக்க சான்று. வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் நிலைத்திருக்க, ஓரத்து மண் மட்டும் மழையில் உப்பியும் வெயிலில் சுருங்கியும் அசைகிறது. அடித்தளம் ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்வதால், கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வான வெடிப்புகள் தோன்றுகின்றன.

ஆகவே, ஈரம் மாறாத ஆழம் வரை அடித்தளம் இறங்குதல் வேண்டும். இந்தியாவின் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், இத்தகைய மண்ணுக்கென அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்களை உருவாக்கியது. குமிழின் அகலம் பொதுவாகத் தூணின் அகலத்தைப்போல் 2.5 மடங்கு. மேல்மண் உப்பினாலும், ஆழத்திலுள்ள குமிழ் தூணை மேலெழ விடாது.

கட்டுமுன் பொறியாளரைக் கொண்டு மண்ணைச் சோதிப்போம். கட்டியபின் கூரைநீரைக் கால்வாய் வழியே அப்பால் விடுவோம். வேர்கள் ஈரத்தை உறிஞ்சுமாதலால், சுவரருகே பெருமரம் வளர்க்காதிருப்போம். மண்ணின் இயல்பறிந்து கட்டிய வீடே நம் பிள்ளைகளுக்கும் நிலைத்து நிற்கும்.