வீட்டுப் பிராணிக்கு மருத்துவர்: சாமல்பட்டிப் பக்கத்தில் யாரை நாடுவது?

சாமல்பட்டி போன்ற ஊரில் நாயோ பூனையோ வளர்ப்பவருக்கு ஒரு மருத்துவர் போதாது, இருவர் வேண்டும். அவசரத்துக்கு உடனே போய்ச் சேரக்கூடியவர் ஒருவர். அவரால் முடியாதபோது போவதற்குத் தூரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. இரண்டையும் பிராணி நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். நள்ளிரவில் வாயில் நுரை தள்ளும் நாயைத் தூக்கிக்கொண்டு ஆள் தேடுவது பெரும்பாலும் தோல்வியில்தான் முடிகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில், ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில் இருக்கும் ஊர் சாமல்பட்டி. கறவை மாடும் ஆடும் பிழைப்புக்குத் துணையாக இருக்கும் பகுதி. அரசின் கால்நடை மருந்தகங்களும் மருத்துவமனைகளும் முதலில் அவற்றுக்காகவே ஏற்பட்டவை. அதனால் 'அவர் மாட்டு டாக்டர், நாயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?' என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இது சரியல்ல. மாட்டுக்கும் நாய்க்கும் படிப்பு ஒன்றுதான்: கால்நடை மருத்துவப் பட்டம், இப்போது மொத்தம் ஐந்தரை ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு நேரடிப் பயிற்சி. 1903-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியில் படித்தவரானாலும், 1985-இல் தொடங்கிய நாமக்கல் கல்லூரியில் படித்தவரானாலும் இதே பட்டம்தான். வேறுபடுவது அனுபவம். வாரத்துக்கு எத்தனை நாய்களைப் பார்க்கிறார் என்று கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேட்டே ஆக வேண்டியது பதிவு. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே கால்நடை மருத்துவம் செய்யலாம். கால்நடை ஆய்வாளர் போன்ற பயிற்சி பெற்ற பணியாளர்களுக்கு, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் மட்டும் செய்ய அனுமதி உண்டு. மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவரிடமே நாய்க்கும் ஊசி போட்டுக்கொள்வது கிராமங்களில் சாதாரணமாக நடக்கிறது. அவர் நல்லவராக இருக்கலாம், கைராசிக்காரராகவும் இருக்கலாம். ஆனால் நோயைக் கண்டறிவது அவர் கற்ற வேலை அல்ல. மருத்துவரின் மருந்துச் சீட்டில் பெயருடன் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் உரிமை.

அடுத்து, இந்த மண்ணில் வரும் நோய்களை அவர் எப்படிக் கையாளுகிறார் என்பது. தமிழ்நாட்டு நாய்களிடம் அடிக்கடி காண்பது உண்ணிக் காய்ச்சல். நாய் தீனியை விட்டுவிட்டு ஒரு மூலையில் படுத்துவிடும், ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். எர்லிக்கியா, பெபீசியா என்று இதற்குக் காரணமான கிருமிகள் வேறு வேறு, அவற்றுக்கு மருந்தும் வேறு. எனவே ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவரும், பார்த்ததும் ஒரு காய்ச்சல் ஊசி போட்டு அனுப்பும் மருத்துவரும் ஒன்றல்ல. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பொதுவாக நான்கு வாரம் கொடுக்க வேண்டும். நாய் எழுந்து நடந்ததும் நிறுத்திவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்பவரே தேவைப்படுகிறவர்.

குட்டி நாய்களைக் கொல்வது பார்வோ வைரஸ். வாந்தி, ரத்தக் கழிச்சல், அதனால் உடம்பின் நீர் வற்றிப்போதல். இதற்கு முக்கிய சிகிச்சை தொடர்ந்து சில நாள் நரம்பில் டிரிப் ஏற்றுவது. இங்கேதான் அருகில் இருப்பவரின் அருமை தெரியும். பெங்களூருவில் உள்ள பேர்பெற்ற நிபுணரைவிட, தினமும் காலையும் மாலையும் டிரிப் போடக்கூடிய ஊத்தங்கரை மருத்துவர் அந்தக் குட்டிக்கு மேல். தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கிச் சில வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். ஜூலை 6 (விலங்குவழி நோய்கள் நாள்), செப்டம்பர் 28 (ரேபிஸ் நாள்) ஆகிய நாள்களை ஒட்டிக் கால்நடைத் துறை இலவச ரேபிஸ் ஊசி முகாம்கள் நடத்துவது வழக்கம். எந்தத் தடுப்பூசியானாலும் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்தால்தான் பலன். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து, குப்பியின் ஒட்டுத்தாளை ஊசி அட்டையில் ஒட்டிக் கொடுப்பவரை நம்பலாம்.

காடுமேடும் பாறையுமான இடத்தில் பாம்புக்கடி இன்னொரு ஆபத்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். அது கையிருப்பில் உண்டா, இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும். மாந்தோப்பில் பூச்சிமருந்து அடித்த பிறகு அதை நக்கிவிட்ட நாய்க்கு எச்சில் வடியும், உடல் நடுங்கும். இதற்குரிய அட்ரோபின் ஊசி, மாடுகளுக்கும் தேவைப்படுவதால், மாட்டு டாக்டரிடம் பெரும்பாலும் இருக்கும்.

ஒதுங்க வேண்டிய மருத்துவரையும் அடையாளம் காணலாம். சொறிக்குக் காரணம் தேடாமல் ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டு ஊசி போடுபவர் அவர்களில் ஒருவர். அரிப்பு அன்றே அடங்கும், நோய் உள்ளே வளரும். பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்பவரிடம் மறுபடி போகவே கூடாது. அது பூனைக்கு உயிர்க்கொல்லி.

எக்ஸ்ரே, ஸ்கேன், எலும்பு அறுவை என்று வந்தால் தூரத்து மருத்துவமனை தேவைப்படும். தொழிற்சாலைகளால் வளர்ந்த ஓசூரில் செல்லப்பிராணிகளுக்கென்றே தனியார் கிளினிக்குகள் உள்ளன, ஆனால் அது மாவட்டத்தின் மறுகோடி. நாமக்கல் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையும், எல்லை தாண்டினால் பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடைக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. ஊர் வழியாகவே ரயில் போனாலும் சாதாரணப் பெட்டியில் நாயை ஏற்ற முடியாது. எனவே நாயை ஏற்றச் சம்மதிக்கும் கார் ஓட்டுநர் ஒருவரின் எண்ணும் கையில் வேண்டும். 1962-ஐ அழைத்தால் வரும் நடமாடும் ஊர்தி முக்கியமாகக் கால்நடைகளுக்கானது, எனவே அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

'இது என்னால் ஆகாது, அங்கே கொண்டுபோங்கள்' என்று காலத்தில் சொல்லி, கையோடு ஒரு குறிப்பும் எழுதித் தருபவர் அருகில் கிடைத்துவிட்டால், பாதி வேலை முடிந்தது. அந்தக் குறிப்பு, ஊசி அட்டை, ரத்தப் பரிசோதனைத் தாள் மூன்றும் ஒரே உறையில் வீட்டில் இருக்க வேண்டும். இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள் என்றுதான் தூரத்து மருத்துவர் முதலில் கேட்பார்.