தூண்டில் ஈக்கு இறக்கை கட்டுவது எப்படி? காட்டுச் சேவல் இறகு ஏன் கூடாது?

குளக்கரையில் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் தூண்டில் போடுபவர்களுக்கு மண்புழுவும் மாவு உருண்டையும் போதும். கொங்கு நாட்டில் மீன்பிடி என்றாலே அதுதான். ஆனால் மேட்டுப்பாளையம் தாண்டி நீலகிரி மலை ஏறிவிட்டால் கதை வேறு. பவானி ஆறு பிறக்கும் அந்தக் குளிர்ந்த ஓடைகளில் இருப்பது ட்ரவுட் மீன். நீர்மேல் மிதந்து வரும் பூச்சியைப் பார்த்து, மேலே வந்து கவ்வும் மீன் அது. அதை ஏமாற்றத்தான் இறகாலும் நூலாலும் பூச்சி செய்கிறார்கள். இதற்குப் பெயர் 'டிரை ஃப்ளை'. அதாவது, நீரில் மூழ்காமல் மிதக்கும் செயற்கை ஈ.

நீலகிரிக்கு ட்ரவுட் எப்படி வந்தது?

ட்ரவுட் நம் ஊர் மீன் அல்ல. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863-ல் இதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். மீன்பிடியையும் வேட்டையையும் கட்டுப்படுத்த 1877-ல் ஒரு சங்கமும், 1879-ல் தனிச் சட்டமும் வந்தன. மீனை நிலைக்க வைத்தவர் எச்.சி. வில்சன். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே 'ரெயின்போ ட்ரவுட்' இங்கே வேர்விட்டது. குளிர்ந்த, ஓடும் நீர்தான் இதற்கு உயிர். அதனால்தான் அதே பவானி சமவெளிக்கு இறங்கியதும் இந்த மீனைப் பார்க்க முடிவதில்லை.

இறக்கை எதற்கு?

'மேஃப்ளை' என்ற பூச்சி நீரிலிருந்து வெளிவந்ததும், பாய்மரம் விரித்த படகு மாதிரி இறக்கையை நிமிர்த்திக்கொண்டு மிதக்கும். கட்டுகிற ஈக்கும் அந்த நிமிர்ந்த இறக்கை வேண்டும். இங்கிலாந்தின் பிரெடரிக் ஹால்ஃபோர்டு 1886-ல் வெளியிட்ட நூல்தான் இந்தக் கலைக்கு முறையான வடிவம் கொடுத்தது.

எப்படிக் கட்டுகிறார்கள்?

முதல் விதி: ஜோடி சரியாக இருக்க வேண்டும். வாத்தின் இடது சிறகிலிருந்து ஓர் இறகு, வலது சிறகிலிருந்து அதே இடத்து இறகு. இரண்டிலிருந்தும் ஒரே அகலத்தில் ஒரு கீற்றை வெட்டி எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே சிறகிலிருந்து எடுத்தால் வளைவு ஒரே பக்கம் போய்விடும்.

* தூண்டில் முள்ளின் தண்டில் மெழுகு பூசிய நூலைச் சுற்றித் தளம் போட வேண்டும்.
* இரண்டு கீற்றையும் சேர்த்துத் தண்டின் மேல் வைக்க வேண்டும். இறக்கையின் உயரம் தண்டின் நீளம் அளவு இருந்தால் போதும்.
* கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தபடி, நூலைத் தளர்வாக ஒரு சுற்றுச் சுற்றி நேர் கீழே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் கீற்று சுருண்டு பிளந்துவிடும். முதலில் எல்லாருக்கும் தப்புவது இந்த இடத்தில்தான்.
* இறக்கைக்கு முன்னால் சில சுற்று போட்டு நிமிர்த்த வேண்டும். பிறகு நடுவே எட்டு வடிவில் நூலை ஓட்டி இரண்டாகப் பிரிக்க வேண்டும்.
* கடைசியில் சேவலின் கழுத்து இறகைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட வேண்டும்.

இறக்கை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் என்ன ஆகும்? வீசும்போது ஈ விசிறி மாதிரிச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். அப்புறம் சிக்கு எடுக்கவே நேரம் போயிடும்.

சேவல் இறகுதான் வேண்டுமா?

ஆமாம். சேவலின் கழுத்து இறகு விறைப்பானது, நீரை உறிஞ்சாது. அதன் இழைகள் நீர்ப்பரப்பின் மேல் கால் ஊன்றி நிற்பதால்தான் ஈ மிதக்கிறது. கோழி இறகு மென்மையானது, சீக்கிரம் நனைந்துவிடும். அதனால் அது மூழ்கும் ஈக்கு ஆகும். வீட்டுக்கு வீடு சேவல் வளர்க்கும் கொங்கு மண்ணில் இதற்குப் பஞ்சமே இல்லை.

காட்டுச் சேவலின் பங்கு என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்து இறகில் மெழுகு பூசியது போன்ற பொட்டுகள் இருக்கும். இந்தப் பளபளப்புக்கு ஆசைப்பட்டு வெளிநாட்டு மீன்பிடிப்பவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அமெரிக்காவின் வின்சென்ட் மரினாரோ இந்தப் பொட்டு இறகைத் தட்டையான இறக்கையாக வைத்துக் கட்டிய ஈயின் பெயர் 'ஜாசிட்'. பருத்தி விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த தத்துப்பூச்சி இனத்தின் பெயர்தான் அது!

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக்கோழியை வேட்டையாடுவது குற்றம். பறவையைத் தொடவில்லை, இறகை மட்டும்தான் வைத்திருக்கிறேன் என்றும் தப்பிக்க முடியாது. சட்டத்தின் வரையறையில் இறகும் அடங்கும். மயில் தோகைக்கு உள்ள தனி விலக்கு காட்டுச் சேவல் இறகுக்கு இல்லை. வெளிநாடுகளில் இந்த இறகுக்காகவே காட்டுக்கோழியைப் பண்ணையில் வளர்க்கிறார்கள்.

இறகு மோகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009-ல் இங்கிலாந்தில் நடந்த திருட்டு ஓர் உதாரணம். டிரிங் நகர அருங்காட்சியகத்தில் புகுந்த ஓர் இளைஞர் 299 பறவைப் பதப்பாடுகளைத் திருடினார். அரிய இறகுகளில் தூண்டில் ஈ கட்டுபவர்கள்தான் அவற்றுக்கான சந்தை. பல மாதிரிகளில் எங்கே, எப்போது பிடிபட்டது என்ற சீட்டே கிழிக்கப்பட்டிருந்தது. ஆய்வுக்கு அவை இனி பயன்படாது.

அப்படியானால் தொடங்குபவர்கள் என்ன செய்யலாம்?

கறிக்கடையில் வீணாகும் வாத்து, நாட்டுச் சேவல் இறகுகளே போதும். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அந்துருண்டை போட்டு மூடி வைத்தால் பூச்சி அரிக்காது. நீலகிரியில் தூண்டில் போடும் முன் அந்த ஓடைக்கு அனுமதி உண்டா என்று மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் கேட்டுக்கொள்வது அவசியம். ஓடைகள் பல காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. மீனுக்கு வேண்டியது நிமிர்ந்து மிதக்கும் ஓர் உருவம் மட்டுமே. அது எந்தப் பறவையின் இறகு என்று மீன் பார்ப்பதில்லை.