கொழும்பு மாநகர சபையின் சுற்றாடற் சேவைகளும் பொதுச் சேவைகளும்

“உள்ளூராட்சி மன்றமொன்றின் பணிகளை உதாரணங்களுடன் விளக்குக” என்ற வினாவைக் கண்டதும் குழாய் நீர், மின்சாரம், பாடசாலை, பெரிய வைத்தியசாலை என எல்லாவற்றையும் அடுக்கிவிடும் மாணவர்கள் பலர். புள்ளிகள் இழக்கப்படுவது இங்கேதான். கொழும்பில் குழாய் நீரை வழங்குவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையாகும். மின் விநியோகமும் மாநகர சபையின் பணியன்று. வெள்ளவத்தையில் காலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. அதிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் மாநகர சபைக்குரியவை. ஒரே சந்தியில் இரு நிறுவனங்களின் பொறுப்பு சந்திப்பதை நீங்களே சென்று பார்க்கலாம்.

அப்படியாயின் மாநகர சபைக்கு உரியவை எவை? 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உருவான இச்சபை, இன்று 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி இயங்குகின்றது. (நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் உரியன. இவற்றை மாற்றி எழுதிவிட வேண்டாம்.) பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், உள்ளூர் வீதிகள் ஆகிய மூன்று துறைகளுள் இதன் பணிகளை அடக்கலாம்.

இவற்றுள் திண்மக் கழிவகற்றலைச் சற்று விரிவாக நோக்குவோம். மேற்படி கட்டளைச் சட்டத்தின் 129, 130, 131ஆம் பிரிவுகள் இதுபற்றியவை. வீதிகளைக் கூட்டுவதும் குப்பைகளை அகற்றுவதும் சபையின் கடமை. சேகரிக்கப்பட்ட குப்பை சபையின் சொத்தாகும். அதை எவருக்கும் தொல்லை ஏற்படாதவாறு அகற்ற வேண்டியதும் சபையே. குப்பையையும் “சொத்து” என்பதா எனச் சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக் குப்பை வண்டியில் ஏறிய பின் அதற்கான பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடை இது.

இனி அந்த வண்டி எங்கே சென்றது எனப் பாருங்கள். 2009 வரை கொட்டாஞ்சேனைக்கு அருகே புளூமெண்டாலில் கொழும்பின் குப்பை மலையாகக் குவிந்தது. அதன் பின்னர் மீதொட்டமுல்லைக்குச் சென்றது. மீதொட்டமுல்லை கொழும்பு மாநகர எல்லைக்கு வெளியே, கொலன்னாவைப் பகுதியில் உள்ளது. அங்கு வாழ்ந்தவர்கள் கொழும்பு மாநகர சபைக்கு வரி செலுத்துவோரும் அல்லர். அதன் வாக்காளரும் அல்லர். துர்நாற்றம், ஈக்கள், வெள்ளம் என அவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தனர். ஆனால் குப்பையைக் கொட்டிய சபையைத் தேர்தலில் கேள்வி கேட்க அவர்களுக்கு வழியிருக்கவில்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று அக்குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் உயிரிழந்தனர்.

குப்பை பெருகியது மட்டுமே இதற்குக் காரணம் என எழுதினால் விடை முழுமையாகாது. உக்கும் கழிவும் உக்காத கழிவும் பல்லாண்டுகளாகக் கலந்தே கொட்டப்பட்டன. தரம் பிரித்த குப்பையை மட்டுமே பொறுப்பேற்கும் நடைமுறை 2016 நவம்பரிலேயே நாடளாவிய ரீதியில் தொடங்கியது. மீதொட்டமுல்லைக்கு அது காலங்கடந்த நடவடிக்கை. கொழும்பின் கழிவை எரித்து 10 மெகாவாற்று மின்சாரம் பெறும் நிலையம் 2021 பெப்ரவரியில் கெரவலப்பிட்டியில் திறக்கப்பட்டது. அதுவும் மாநகர எல்லைக்கு வெளியே, கம்பஹா மாவட்டத்தில்தான் உள்ளது என்பதைக் கவனியுங்கள். ஈரமான உணவுக் கழிவு நன்றாக எரியாது. ஆகவே அந்நிலையம் வந்த பின்னும் வீட்டில் தரம் பிரிக்கும் தேவை நீங்கவில்லை.

கழிவகற்றலும் பொதுச் சுகாதாரமும் ஒன்றையொன்று தழுவியவை. தேங்கிய யோகட் கோப்பையும் சிரட்டையும் நுளம்புக்குப் போதும். 2017இல் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 440 பேர் இறந்தனர். மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து பூச்சாடியைக் கவிழ்த்துப் பார்ப்பது வெறும் அறிவுரைக்காக அன்று. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் தொடரப்படலாம். உணவகங்களைப் பரிசோதித்தல், தாய் சேய் நலச் சிகிச்சை நிலையங்களை நடத்துதல் என்பனவும் சபையின் சுகாதாரப் பணிகளே.

நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி, தீயணைப்புச் சேவை, விகாரமகாதேவிப் பூங்கா, பொரளை கனத்தை மயானம், 1925இல் ஆரம்பிக்கப்பட்ட கொழும்புப் பொது நூலகம் என்பன ஏனைய உதாரணங்களாகும். கழிவுநீர் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் குழாய்களின் வழியே ஆழ்கடலுக்குள் விடப்படுகின்றது. கடற்கரைக்குச் செல்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இச்சேவைகளுக்கான பணத்தின் ஒரு பகுதி ஆதன வரியாக உங்கள் வீட்டிலிருந்தே செல்கின்றது. உறுப்பினர்களைத் தெரிவு செய்வதும் மக்களே. எனினும் 2018இல் தெரிவான சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தபின், 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடைபெறும் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கவில்லை. ஆணையாளரின் கீழ் குப்பை வண்டி வழமைபோல் வந்தது. வராத நாளில் முறையிட வட்டார உறுப்பினர் ஒருவர்தான் இல்லை.

பயிற்சி வினா: மீதொட்டமுல்லையில் வசித்த ஒருவர் 2016இல் தனது முறைப்பாட்டை எந்தெந்த நிறுவனங்களிடம் முன்வைத்திருக்கலாம்? ஒவ்வொன்றினதும் பொறுப்பைச் சுட்டிக்காட்டி விடை எழுதுக. (10 புள்ளிகள்)